செட்டிநாட்டு விருந்தினர் இல்லமும் அயலிலுள்ள தறியும்

வந்தவரை இன்முகத்தோடு ஏற்று, உண்டியும் உறையுளும் அளிப்பது நம் நாட்டில் அறமாகப் போற்றப்பட்டு வந்தது. இந்நாளில் அது ஒரு தொழிலாகவும் வளர்ந்திருக்கிறது. அதில் குறை கூற ஒன்றுமில்லை. ஓர் ஊருக்குப் பத்து விருந்தினர் வந்து இரண்டு நாள் தங்கினால், பால் கறப்பவர் முதல் வண்டி ஓட்டுபவர் வரை பலருக்கும் வேலை கிடைக்கிறது. ஆனால் அவ்விருந்தினர் கொணரும் பணம் அவ்வூர் நெசவாளர் வீட்டுக்கும் உழவர் வீட்டுக்கும் போய்ச் சேருகிறதா? நமது சங்கங்களைச் சேர்ந்தவர்கள் கேட்க வேண்டிய வினா இதுவே. இதற்கு விடை காணும் பொருட்டுச் சென்ற தை மாதத்தில் செட்டிநாட்டில் பழைய பெரிய வீடு ஒன்றில் மூன்று நாள் தங்கி வந்தோம். அங்கே கண்டதையும் எண்ணியதையும் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

போகும் வழி

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி செல்லும் சாலையில் நமது பயணம் அமைந்தது. புதுக்கோட்டையைக் கடந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சென்றதும், வறண்ட வெளியின் நடுவே பெரும்பாறை ஒன்றும் அதன்மேல் மதில்களும் தோன்றுகின்றன. அதுவே திருமயம். 1687-ஆம் ஆண்டில் இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர் கட்டுவித்த கோட்டை இது. பாறையின் அடிவாரத்தில், குன்றைக் குடைந்து அமைத்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அருகருகே இருக்கின்றன. பள்ளிகொண்ட பெருமாளின் திருவுருவம் கண்கொள்ளாக் காட்சி. விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்ததும் இவ்வூரிலேதான். வண்டியை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் செலவிடத் தக்க இடம் இது. கோட்டையின் உச்சிக்கு ஏறினால், செம்மண் நிலமும் அங்கங்கே மின்னும் கண்மாய்களுமாக நாட்டின் இயல்பு முழுவதும் கண்முன் விரிகிறது. மழையை நம்பி வாழும் நாடு இது என்பதை ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அங்கிருந்து காரைக்குடிச் சாலையில் மேலும் சென்று, சற்றே விலகினால் கானாடுகாத்தான். அதையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தே செட்டிநாடு என்கிறோம். நாட்டுக்கோட்டை நகரத்தார் வாழும் ஊர்கள் எழுபதுக்கும் மேற்பட்டவை. சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் அவை பரவியிருக்கின்றன. இவ்வூர்களுள் சிலவற்றை இந்திய அரசு 2014-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தது.

வீடு

நாம் தங்கிய இல்லம் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முன்னே திண்ணையும் முகப்பும். அதைக் கடந்தால் நடுவில் வானம் பார்த்த முற்றத்துடன் வளவு. அதற்கு அப்பால் இரண்டாம் கட்டு. கடைசியில் அடுக்களையும் கிணறும். வளவைச் சுற்றிலும் பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள் நிற்கின்றன. சுண்ணாம்பை நன்றாக அரைத்து, முட்டை வெண்கருவும் கடுக்காய் நீரும் சேர்த்துப் பூசிய சுவர்கள், நூறு ஆண்டு கடந்தும் தொட்டால் வழுவழுப்பாக இருக்கின்றன. வெளியே வெயில் காய்ந்தபோதும் வளவில் குளிர்ச்சி குன்றவில்லை. முற்றத்தின் வழியே சூடு மேலெழுந்து போவதும், சுவரின் கனமும், தரையின் தண்மையும் அதற்குக் காரணம்.

நாற்புறக் கூரையிலும் விழும் மழை நீர் முற்றத்தில் இறங்கித் தொட்டிகளில் நிறைகிறது. மிகுந்த நீர் தெருக் கால்வாய்களின் வழியே ஊருணிக்குச் சேருமாறு ஊரையே அமைத்திருக்கிறார்கள். பணம் மிகுந்தவர்கள் ஆடம்பரத்துக்கு மட்டும் கட்டிய வீடுகள் இவை என்று எண்ணியிருந்த நமக்கு, நீரின் அருமை அறிந்தவர்கள் கட்டிய வீடுகள் இவை என்பது அங்கே சென்ற பின்னரே விளங்கிற்று.

இச்செல்வம் வந்த வழியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்குச் சென்று கடன் கொடுத்து வாங்கும் தொழில் நடத்தினர். பர்மாவின் நெல் வயல்கள் பெருகியதற்கு அவர்கள் கொடுத்த முன்பணம் பெரிதும் துணை செய்தது. 1930-ஆம் ஆண்டை ஒட்டி நெல் விலை வீழ்ந்தபோது உழவர்கள் கடனைக் கட்ட இயலாமற் போயினர். 1937-ஆம் ஆண்டுக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்துவிட்டது. நிலத்தை இழந்த உழவரும் வருந்தினர். 1942-இல் போரின் காரணமாக அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தபோது, நிலத்தைப் பெற்றவரும் அனைத்தையும் இழந்தனர். கூட்டுறவுக் கடன் முறை எதற்காகத் தோன்றிற்று என்பதை அறிந்த நம் அங்கத்தினர்களுக்கு இதைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு இவ்வீடுகள் பல பூட்டப்பட்டன. ஒரு வீட்டுக்குப் பல பங்குதாரர்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கடல் கடந்து. பழுது பார்க்கும் செலவை யாரும் ஏற்க இயலாதபோது, வீட்டைப் பிரித்துத் தூணும் கதவும் விற்பனைக்கு வந்தன. காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவில் அத்தகைய பொருள்களை விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மணமகளுக்குச் சீராக வந்த பீங்கான் தூக்குகளும், கண்ணாடிகளும், நிலைகளும் அங்கே விலைச் சீட்டுடன் நிற்பதைக் கண்டு மனம் கனத்தது. இந்நிலையில் சில வீடுகளை உரியவர்களே செப்பனிட்டு விருந்தினர் இல்லங்களாக்கியது நல்ல காரியம் என்றே சொல்வோம். வாடகை வருவதால் கூரை ஒழுகாமல் இருக்கிறது. கூரை ஒழுகாததால் தூண் நிற்கிறது.

உணவு

இல்லத்தின் உணவு வாழையிலையில் பரிமாறப்பட்டது. காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்டினியும், நண்பகலில் சோறு, குழம்பு, கூட்டு, பொரியல், மாலையில் கந்தரப்பம். கல்பாசியும் அன்னாசிப்பூவும் சேர்ந்த மணம் அடுக்களையிலிருந்து வளவு வரை வந்தது. இரண்டாம் நாள் கவுனி அரிசியில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் கலந்து இனிப்பு வைத்தார்கள். கறுத்த நிறமுடைய இவ்வரிசி பர்மாவிலிருந்து செட்டிநாட்டு அடுக்களைக்கு வந்தது என்பர். அரிசி எங்கே வாங்குகிறீர்கள் என்று சமையற்கார அம்மையாரைக் கேட்டோம். “கடையில்தான், ஐயா. நம்ம பக்கத்து வயலில் விளைந்தது கிடைத்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறோம்?” என்றார் அவர். மொழி எளிது, பொருள் பெரிது. இன்று கவுனியைத் தமிழ்நாட்டு உழவர்கள் பலர் மீண்டும் பயிரிடுகிறார்கள். விளைவிப்போரும் இருக்கிறார்கள், வேண்டுவோரும் இருக்கிறார்கள். இடையில் நின்று சேர்த்து வைப்பவர்களைத்தான் காணோம். அந்த இடம் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரியதன்றோ?

காலடியில் ஒரு கடை

மறுநாள் காலை ஆத்தங்குடிக்குச் சென்றோம். அங்கே தரைக் கற்கள் செய்யும் பட்டறைகள் பல இருக்கின்றன. சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். பூவும் கொடியுமாக அமைந்த அச்சைச் சட்டத்தினுள் இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு வண்ணச் சிமிட்டிக் குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தும் கலவாமலும் நிற்கின்றன. அதன்மேல் அவ்வூர் மணலும் சிமிட்டியும் கலந்த உலர்ந்த தூளைத் தூவி, பின்பு ஈரக் கலவையை இட்டு அழுத்துகிறார்கள். சில நாள் நீரில் ஊறி, பிறகு உலர்ந்ததும் கண்ணாடி தானே கழன்று வருகிறது. கண்ணாடியைத் தொட்ட முகமே கல்லின் முகம். ஆகையால்தான் அத்தனை பளபளப்பு. வெறுங்காலால் நடக்க நடக்க அந்தப் பளபளப்புக் கூடுகிறது.

ஆலைகளில் செய்யும் பீங்கான் கற்கள் மலிவாக வந்த பின்னரும் இத்தொழில் எப்படி நிற்கிறது என்று பட்டறைக்காரரைக் கேட்டோம். “பெரிய வீடுகளில் தங்குகிறவர்கள் தரையைப் பார்த்துவிட்டு இங்கே வழி கேட்டு வருகிறார்கள், ஐயா. எங்களுக்கு விளம்பரப் பலகை வேண்டாம், அந்தத் தரையே போதும்” என்றார். இம்மொழியை நாம் மறக்கவில்லை. பனையோலையில் முடையும் செட்டிநாட்டுக் கொட்டானும் அவ்வாறே. நமது அறையில் பழம் வைத்திருந்ததும் ஒரு கொட்டானில்தான். புறப்படும்போது நாமும் இரண்டு வாங்கினோம். கையால் தொட்டு, காலால் மிதித்து, நாவால் சுவைத்த பொருளையே விருந்தினர் விலை கொடுத்து வாங்கிச் செல்கிறார்.

இரண்டு கோயில்கள்

ஆத்தங்குடியிலிருந்து குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் சென்றோம். இரண்டும் காரைக்குடியிலிருந்து பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், ஒரே சாலையில் இருக்கின்றன. குன்றக்குடியில் மலைமேல் முருகன் கோயில். இவ்வூரைச் சுயதேவைப் பூர்த்தியுள்ள கிராமமாக்குவதற்குத் திட்டம் வகுத்து உழைத்த குன்றக்குடி அடிகளாரின் (1925–1995) நினைவு, ஊர்ப்பணியில் ஈடுபட்டோர் அனைவருக்கும் ஊக்கம் தருவது. பிள்ளையார்பட்டியில் குடைவரையினுள் பாறையிலேயே செதுக்கிய கற்பக விநாயகர் வீற்றிருக்கிறார். இரண்டே கைகள், வலம்புரித் துதிக்கை. நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் இதுவும் ஒன்று.

தறி

மாலையில் காரைக்குடிக்குச் சென்று ஒரு நெசவாளர் வீட்டின் கதவைத் தட்டினோம். இரண்டு தறிகள் போடத் தக்க கூடம். ஒரு தறியில் அரக்குச் சிவப்பும் கறுப்பும் கட்டம் கட்டமாக அமைந்த கண்டாங்கிச் சேலை பாதி நெய்யப்பட்டு இருந்தது. மற்றதில் பாவு இல்லை. அதன்மேல் பாத்திரங்கள் அடுக்கப்பட்டிருந்தன. நெய்பவர் அறுபது வயதைக் கடந்த அம்மையார். அவருடைய மகன் அந்த இரண்டாம் தறியை விட்டுத் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆயின.

கண்டாங்கி செட்டிநாட்டு ஆச்சிமார் அன்றாடம் உடுத்திய பருத்திச் சேலை. அகன்ற கரையும், கட்டமோ கோடோ உள்ள உடலும், ஒன்றோடொன்று எடுத்துக் காட்டும் வண்ணங்களும் அதன் அடையாளம். துவைக்கத் துவைக்க மென்மையாகுமே அன்றி எளிதில் கிழியாது. 2019-ஆம் ஆண்டில் ‘காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை’க்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதாவது, அவ்வட்டாரத்தில் முறைப்படி நெய்யாத துணியை அப்பெயரால் விற்பது சட்டப்படி குற்றம். இதைச் சொல்லி அம்மையாரை வாழ்த்தினோம். அவர் நாடாவை நிறுத்திவிட்டு, “பெயர் கிடைத்துவிட்டது, ஐயா. அடுத்த மாதம் பாவுக்கு நூல் வருமா என்பதுதான் தெரியவில்லை” என்றார்.

அன்று இரவு விருந்தினர் இல்லத்துக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தபோதுதான், அதுவரை நம் கண்ணில் படாத ஒன்று பட்டது. தலைக்குமேல் தேக்கு, காலடியில் ஆத்தங்குடிக் கல், மேசைமேல் கொட்டான். ஆனால் கட்டிலில் விரித்திருந்த துணியும், தலையணை உறையும், துவாலையும், சன்னல் திரையும் எங்கோ தொலைவிலுள்ள ஆலையில் நெய்தவை. கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இரண்டு கண்டாங்கிச் சேலைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பார்ப்பதற்கு வைத்திருந்தார்கள், பழகுவதற்கு வைக்கவில்லை. அந்த வீட்டில் அயலூர்த் தொழில்கள் யாவும் விருந்தினரோடு பழகுகின்றன. தறி ஒன்றுதான் அலமாரிக்குள் இருக்கிறது.

நிர்வாகியின் பதில்

மறுநாள் நிர்வாகியிடம் இதை எடுத்துச் சொன்னோம். அவர் சினங்கொள்ளவில்லை, பொறுமையாகக் கணக்குச் சொன்னார். பன்னிரண்டு அறைகள், அறைக்கு இரண்டு கட்டில்கள். ஒரு விரிப்பு கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று கையிருப்பில் என்று மும்மூன்றாக 72 விரிப்புகள் வேண்டும். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். வெந்நீரில் அடிக்கடி வெளுத்தாலும் சாயம் போகக் கூடாது. சொன்ன நாளில் வந்து சேர வேண்டும். “ஒரு முறை கைத்தறியில் சொல்லிப் பார்த்தேன். அளவு ஒன்றுக்கொன்று மாறிற்று. சாயம் மற்றத் துணிகளில் ஏறிற்று. யாரிடம் போய்க் கேட்பது?” என்றார்.

இதற்கு நாம் சினந்து பயனில்லை. அவர் சொன்னது குறை அன்று. நமக்கு இட்ட பாடம். விலையைப் பற்றிக்கூட அவர் முதலில் பேசவில்லை. அளவு, சாயம், நாள் என்னும் மூன்றையுமே கேட்டார். தனி நெசவாளர் ஒருவரால் இம்மூன்றுக்கும் உறுதி கூற இயலாது. சங்கத்தால் இயலும். அதற்காகவே சங்கம் இருக்கிறது.

தொழில் நுட்பத்தில் ஒரு தடையும் உண்டு; அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. புடவைத் தறியின் அகலம் ஏறக்குறைய நாலடி. இரட்டைக் கட்டிலுக்கான விரிப்புக்கு ஏழடிக்கு மேல் வேண்டும். ஆகவே காரைக்குடித் தறியில் விரிப்பு நெய்யச் சொல்வது பொருந்தாது. ஆனால் தலையணை உறை, திண்டு உறை, சன்னல் திரை, மேசை விரிப்பு, கைத்துண்டு, கட்டிலின் கால்பக்கம் குறுக்கே போடும் வண்ணப் பட்டை ஆகியவை அனைத்தும் நாலடிக்குள் அடங்குவன. கண்டாங்கியின் கட்டமும் கரையும் இவற்றில் மிக அழகாக அமையும். படுக்கை விரிப்புக்குச் சென்னிமலை இருக்கிறது; கூடத்தில் விரிக்கப் பவானி ஜமுக்காளம் இருக்கிறது. ஒரு சங்கத்துக்கு வந்த வேலையில் தன்னால் இயலாத பகுதியை மற்றொரு சங்கத்துக்குப் பகிர்ந்தளித்தால், இல்லத்தாருக்கு ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும். சங்கங்கள் தமக்குள்ளும் ஒத்துழைக்க வேண்டும் என்பதைக் கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்றாகச் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி 1966-ஆம் ஆண்டிலேயே சேர்த்திருக்கிறது. ஏட்டில் உள்ளதைத் தறிக்குக் கொண்டுவருவது நமது கடன்.

பறவைகளைக் காத்த ஊர்

மூன்றாம் நாள் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டிக்குச் சென்றோம். 1977-இல் அமைந்த வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சேர்ந்த கண்மாய் இது. மழைக்காலத்துக்குப் பின் நத்தைகொத்தி நாரைகளும், கரண்டிவாயன்களும், கொக்குகளும் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நாம் சென்ற காலையில் மரங்கள் வெள்ளை பூத்தாற்போல் இருந்தன. இப்பறவைகள் அஞ்சிப் பறந்துவிடும் என்பதற்காக, இவ்வூரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளும் இதை ஏற்று நடக்கிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த கண்மாய் நீர் வயலுக்கு நல்ல உரமாகிறது என்பது அவ்வூர் உழவர்களின் அனுபவம். வந்து தங்குவோரைப் பேணினால் தங்கும் இடமும் வளம் பெறும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

நாம் செய்யக் கூடியது

புறப்படுமுன் நிர்வாகியிடம் தலையணை, சன்னல், மேசை ஆகியவற்றின் அளவுகளைக் குறித்துத் தரும்படி கேட்டோம். அவரே நாடா பிடித்து அளந்து கொடுத்தார். “ஆடிக்குள் வந்து சேர்ந்தால் முதலில் இரண்டு அறைகளுக்குப் போட்டுப் பார்க்கிறேன்” என்றும் சொன்னார். இரண்டு அறைகள் என்பது சிறு தொடக்கம், எனினும் தொடக்கம். அந்த அளவுச் சீட்டை, அம்மையார் அங்கத்தினராக உள்ள சங்கத்தில் ஒப்படைத்துவிட்டே ஊர் திரும்பினோம்.

விருந்தினர் இல்லங்கள் செட்டிநாட்டில் மட்டும் இல்லை. மலையடிவாரங்களிலும் கடற்கரைகளிலும் கோயிலூர்களிலும் அவை பெருகி வருகின்றன. ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குள் இருக்கும் இல்லங்களைக் கணக்கெடுத்து, நிர்வாகக் குழுவினர் இருவர் நேரில் சென்று, என்ன துணி, என்ன அரிசி, என்ன எண்ணெய் வேண்டும் என்று கேட்டறிதல் நலம். சாயத்துக்கும் அளவுக்கும் சங்கமே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தல் வேண்டும். சொன்ன நாளில் அனுப்புதல் அதனினும் வேண்டும். இதற்கு அரசின் உத்தரவோ பெரும் மூலதனமோ தேவையில்லை. ஒரு நாள் பேருந்துச் செலவும் சொன்ன சொல்லைக் காக்கும் உறுதியும் போதும்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயிலுக்கோ, உறவினர் திருமணத்துக்கோ, ஊர் சுற்றிப் பார்ப்பதற்கோ சென்று இத்தகைய இல்லங்களில் தங்க நேர்ந்தால், “இந்த விரிப்பு எந்த ஊர்த் தறியில் நெய்தது?” என்று ஒரு முறை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் நிர்வாகி யோசிப்பார். நூறு பேர் கேட்டால் சங்கத்தைத் தேடி வருவார். அப்பொழுது காரைக்குடிக் கூடத்தில் இரண்டாம் தறிமேல் இருக்கும் பாத்திரங்களை இறக்கி வைக்க வேண்டிய தேவை வரும். அந்நாளை விரைவில் காண வேண்டும் என்பதே நமது அவா.